நண்டுக்கு ஒரு ஜெபம்

"இந்தக் கோபத்தோட நீ என்னெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கப்போறாய்?" நேற்று ஒரு மாணவியை நான் கத்தி அழவைத்தபோது மூத்த ஆசிரியை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தக் கேள்வி சுட்டது.

இன்று காலை வாவிக்கரையில் ஈரவலை மணத்தது; அப்பாவின் நினைவு வந்தது. என் சிறுவயதில் ஒருநாள், பக்கத்துத் தோணிக்காரர் எங்கள் வலையை அறுத்துவிட்டார் என்று அப்பா துடுப்போடு புறப்பட்டார்.

அம்மா மறித்தார். "இஞ்சேருங்க, வலையில கிடக்கிற நண்டுகளக் கழட்டுங்க. ஒரு நண்டுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்க. மறுகா போய் அடிங்க."

"நாப்பது நண்டு கிடக்கு, புள்ள!"

"கிடக்கட்டும், சொல்லுங்க."

அப்பா கோபத்தோடு இழுத்ததில் முதல் நண்டுகளின் கால்கள் முறிந்தன. பிறகு ஜெபம் மெதுவானது, விரல்களும் மெதுவாயின. கடைசியில் அப்பா துடுப்பை வைத்துவிட்டு, கதைக்க மட்டும் போனார்.

இன்று கரையில் நின்று நானும் அந்த ஜெபத்தைச் சொன்னேன். பாடசாலை வழியை விட்டுத் திரும்பி, அந்த மாணவியின் வீட்டுப் படலையைத் தட்டினேன்.