நாற்பத்தோராவது வழக்கு

எங்கள் ஊர் ஏரி மதகில் தண்ணீர்த் தகராறு நடந்த அன்று காலை, அண்ணன் உத்திரமேரூருக்கு உரம் வாங்கப் போயிருந்தார். மண்வெட்டி அடிபட்டு ஒருவர் இறந்துபோனார். போலீஸ் எழுதிய பட்டியலில் அண்ணன் நாலாவது குற்றவாளி. செத்தவரின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர், அண்ணனை அங்கே கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. அதற்குள் மூன்று வருடம் போய்விட்டது.

எழுபதுகளின் கடைசி அது. நான் பெருநகர் என்கிற கிராமத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஜெயிலில் இருந்தபடியே அண்ணன் டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு அனுப்பினார். மனுவை ஏற்றுக்கொண்டு, ஃபீஸ் இல்லாமல் வாதாட ஒரு தமிழ் வக்கீலையும் கோர்ட்டே அமர்த்தியது. அந்தக் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டி, "ஆறே மாசத்துல வந்துடுவாரு அண்ணி" என்று சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

விசாரணைப் பட்டியலில் வர மூன்று வருடம் ஆயிற்று. ரயிலேறிப் போனேன். அன்றைக்கு எங்களுடையது நாற்பத்தோராவது வழக்கு. ஒரு கம்பெனியின் வரி விவகாரம், வேலை போன ஒரு குமாஸ்தா, வாடகை வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்ற ஒரு கிழவர் என்று ஒவ்வொன்றாக வந்தது. நீதிபதிகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். நாலு மணிக்குக் கோர்ட் கலைந்தபோது இருபத்தாறுதான் முடிந்திருந்தது.

வராந்தாவில் வக்கீலிடம் கத்திவிட்டேன். "அங்க ஒரு மனுசன் ஜெயில்ல குந்திக்கினு கீறாரு சார். வாடகை வூட்டுக்கு இன்னா அவசரம்?"

அவர் கோபப்படவில்லை. "அந்தப் பெரியவர் எத்தனை வருஷமா அலையறார் தெரியுமா? நாடு பூரா கடைசியா இங்கதான் வருது. ஜட்ஜுங்க வீட்டுக்குப் போயும் ஃபைல்தான் படிக்கறாங்க. யாரைத் திட்டுவீங்க, சொல்லுங்க" என்றார்.

திட்டுவதற்கு ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வழக்கு மறுபடி பட்டியலில் வர இன்னும் மூன்று வருடம். தீர்ப்பு தபாலில் வந்தது. நாலாவது குற்றவாளி அங்கே இருந்ததற்கு நம்பத்தகுந்த சாட்சியமே இல்லை, விடுதலை. வாதம் அரைமணி நேரம்கூட நடக்கவில்லையாம்.

அண்ணன் வந்தார். சோறு போட்டால், சாப்பிடச் சொல்லும்வரை தட்டைத் தொடமாட்டார். கொல்லைப்பக்கம் போகவும் வாசற்படியில் நின்று, "போய்ட்டு வரட்டா?" என்பார்.

"உன் வூடுய்யா இது. என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கற?" என்று அண்ணி அழுவார்.

டீக்கடையில் நாலு பேர் கேட்டதால் தீர்ப்பைத் தமிழில் சொன்னேன். அண்ணனும் பக்கத்தில் இருந்தார். முழுக்கக் கேட்ட ஒரு பெரியவர், வெள்ளந்தியாகத்தான் கேட்டார். "அப்ப ஒம்போது வருசம் இன்னாத்துக்குப்பா உள்ள வெச்சிருந்தாங்க?"

அண்ணன் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கடைத்தெருவுக்கும் வரவில்லை, கழனிக்கும் போகவில்லை. அந்தப் போகமும் அண்ணிதான் ஆள் வைத்து நடவு நட்டார்.