விரியன் பெட்டிக்குப் போட்ட தளம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பொல்பிட்டியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசையில், இருந்தோம். வருஷத்தில் பாதி நாள் மழைதான். என் வீட்டுக்காரர் வளர்ந்த தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிக்குள் பாம்பு கிடந்தால் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடிக்கமாட்டார். கவைக்குச்சியால் அமுக்கிப் பிடித்துக் காட்டில் விட்டுவிடுவார். ஒரு தடவை மட்டும் விடவில்லை. பச்சை விரியன் ஒன்றைச் சாக்கில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"கொஞ்ச நாளைக்கு வச்சுப் பாக்குறேன் புள்ள. என்ன நிறம் பாரு" என்றார்.

நான் நிறத்தைப் பார்க்கவில்லை, அந்த முக்கோணத் தலையைத்தான் பார்த்தேன். முந்தின வருஷம் எங்களோடு கொழுந்தெடுத்த ஒருத்திக்கு அதே ஜாதிப் பாம்பு கடித்து, கை தோள் வரைக்கும் வீங்கிக் கறுத்ததைக் கூடவே நின்று பார்த்தவள் நான். என் மகளுக்கு அப்போது பத்து மாதம், தரையெல்லாம் தவழ்வாள். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பழைய தேயிலைப் பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, பின்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துப் பூட்டினார்.

மூன்றே வாரத்தில் பெட்டியின் அடிப்பலகை ஊறிப்போனது. அவர் தினமும் தெளித்த தண்ணீர் போக வழியில்லை. நாற்றம் தாங்கவில்லை, பாம்பின் வயிற்றிலும் புண். எனக்குப் புண்ணைப் பற்றிக் கவலையில்லை. ஊறின பலகை ஒரு நாள் பிய்ந்து விழும், அந்த நேரம் பிள்ளை அங்கே இருப்பாள் என்ற நினைப்புதான்.

"ஒண்ணு அதைக் கொண்டுபோய் விடுங்க. இல்லாட்டி தண்ணி வடியிற மாதிரி அடிய மாத்துங்க" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம். பாம்பைச் சாக்கில் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். சாக்கு அசையும்போதெல்லாம் என் கை நின்றுவிடும். ஊறின பலகையைத் தட்டி எடுத்துவிட்டுக் குறுக்குச் சட்டம் அடித்தோம். சட்டத்தின்மேல் கம்பிவலை, அதற்கு மேல் ஆற்றில் கழுவிய கூழாங்கல், அடுப்புக்கரி, கடைசியாகப் பாசி. பெட்டிக்கு அடியில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, தண்ணீர் போக ஒரு குழாய்த் துண்டைப் பொருத்தினோம். அது லயத்துக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்க் கானில் விழும். ஆறு வீட்டுப் பின்வாசலையும் ஒட்டியே அந்தக் கான் போகும்.

முதலில் பொடிக்கண் வலைதான் போட்டார். கரித்தூள் அடைத்துத் தண்ணீர் தேங்கியது. பெரிய கண் வலையைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான். சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன், பாதி விரல் போனது.

"அதோட தலை என் கட்டை விரல விடப் பெருசு. இதுக்குள்ள எப்படிங்க போகும்?"

அவரும் சரி என்றார். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். கடகடவென்று கானுக்கு ஓடியது.

அதற்குப் பிறகு பாம்பு பெருத்துக்கொண்டே வந்தது. அவர் பிடித்துப் போடும் தவளையைத் தின்று பெருக்கிறது என்று நினைத்தோம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றேன். அவர் விடியற்காலையிலேயே பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டார். பெட்டியில் தண்ணீர் தெளித்தேன், குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. குனிந்து பார்த்தபோது குழாய் வாயில் ஒரு கொழுந்துக் காம்பு ஒட்டியிருந்தது. குச்சியால் தள்ளினேன். காம்பு தலையைத் தூக்கியது.

விரியன் முட்டையிடாது, குட்டி போடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பினால் பிள்ளை படியைத் தாண்டித் தவழ்ந்து வந்து, தகரத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். எப்படித் தூக்கினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அக்கா தேயிலை மலைக்கு ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தார்.

பெட்டிக்குள் ஒன்பது குட்டி இருந்தன, குழாயில் இரண்டு.

"மொத்தம் எத்தனைங்க போட்டிருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்கும் சொல்லிராத. மிச்சத்த நானே தேடிப் பிடிச்சிர்றேன்" என்றார்.

கானைப் பார்த்தேன். கடைசி வீட்டுப் பிள்ளைகள் அதில் காலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தன. பாம்பை விட அந்த நேரத்தில் மனிதர்களுக்குத்தான் பயந்தேன். ஆனாலும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். வலையை எடுத்துக் கொடுத்தது நான் என்பதையும் சொன்னேன். ஒரு வீட்டில் ஏசினார்கள், ஒரு வீட்டில் பிள்ளைகளைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள்.

லயமே பாய், பெட்டி, பானை எல்லாவற்றையும் வெளியே போட்டு உதறியது. சாயந்திரத்துக்குள் கானில் மூன்று, ஒரு வீட்டு விறகுக்கட்டில் ஒன்று அகப்பட்டன. எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து சத்தம் போட்டு, பெட்டியை அங்கேயே கொளுத்தச் சொன்னார். தாயையும் குட்டிகளையும் என் வீட்டுக்காரர் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்.

யாரையும் கடிக்கவில்லை. ஆனால் அத்தனையும் அகப்பட்டதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் நான் பிள்ளையைத் தரையில் விடவே இல்லை. அவள் நடக்கவே பிந்தியது.

அடுத்த வருஷம் ராகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாறினோம். அங்கே குளிரில் அந்த ஜாதி கிடையாது என்றார்கள். வேறு பாம்பு ஏதாவது தென்பட்டு யாராவது வந்து கூப்பிட்டால், அவர் எழுந்து என்னைப் பார்ப்பார். போகாதீங்க என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரே திரும்ப உட்கார்ந்துவிடுவார்.