எரிச்சலைத் திரும்பக் கேட்டேன்

என் பெயர் எஸ்தர். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும்.

போன மாசி மாதம் வலது பாதத்தில் புண் வந்தது. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. உப்புத் தண்ணீரில் கால் வைத்தாலே உயிர் போகும். கணவர் இல்லை, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். கால் போனால் எங்கள் கதி என்ன? "இந்த எரிச்சலை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று தினமும் அழுதேன். விசுவாசி மாத்திரையை நம்பலாமா என்று அதையும் நிறுத்தினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லாம் என் சொந்தப் புத்தி.

மூன்றாவது வாரம் எரிச்சல் நின்றது. உப்புப் பாத்தியில் இறங்கினால் ஒன்றுமே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள், உப்பளத்து ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் சல்மா அக்காவிடமும் அதையே சொன்னேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"இன்னா எஸ்தரு, புண்ணு அப்படியே தொறந்து கெடக்குது. உப்புத்தண்ணி பட்டும் எரியலன்னா மரத்துப் போச்சுன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு, காலையே எடுத்துட்டாங்க. கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

"ஜெபம் பண்ணியிருக்கேன்க்கா."

"நானும் துவா செய்றேன். ஆட்டோல உக்காந்துகினு ரெண்டு பேரும் கேக்கலாம், வா."

ஆஸ்பத்திரியில், மரத்துப்போகும் ஊசி போடாமல் அழுகிய சதையை எடுப்பேன், நல்ல சதை வந்தால் வலிக்கும், வலித்தால் பாதம் தப்பும் என்றார் டாக்டர். கத்தி வைத்தார். தெரியவில்லை. மறுபடியும் வைத்தார். தெரியவில்லை. "ஆண்டவரே, வலியைக் கொடும்" என்று கெஞ்சினேன். இத்தனை நாள் போ போ என்று விரட்டியதை வா என்று கூப்பிட்டேன்.

சுரீர் என்று வலித்தது. நான் போட்ட அலறலுக்கு, வெளியே நின்ற சல்மா அக்கா "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

சுண்டுவிரல் போனது. பாதம் தப்பியது.

நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். நான் கேட்டது நடந்ததா என்று மட்டும் பார்த்தேன். ஆண்டவர் யாரை அனுப்புகிறார் என்று பார்க்கவில்லை. பழைய சாட்சியைச் சபையில் திருத்திச் சொன்னேன். இந்த முறை கைதட்டல் குறைவுதான்.

உங்கள் வேதனையை அவரிடம் சொல்லுங்கள். பிறகு உங்களிடம் வந்து பேசுகிறவர்களையும் கவனியுங்கள்.

இப்போது மாத்திரை போடுகிறேன், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் கால் கழுவும்போது தழும்பின் ஓரம் கொஞ்சம் எரியும். எரிகிற ஒவ்வொரு நாளும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.