வேதகிரியின் கையெழுத்தும் தபாலில் வந்த வீடியோ கேமும்

வேதகிரிக்குப் பக்கவாதம் வந்தது 2002ஆம் வருஷம் தை மாதம். உத்திரமேரூரில் அவர் வீட்டுக்குக் காலையும் மாலையும் போய்ப் பயிற்சி கொடுத்தேன். நான் முப்பது வருஷம் கிராம நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் முப்பத்தைந்து வருஷம் பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தபால் ஆபீசை நடத்தியவர். ஒரே மாதத்தில் கால் சரியாகி நடக்கத் தொடங்கிவிட்டார். வலது கை விரல்கள் மட்டும் மடங்கியே கிடந்தன. இந்த வியாதியில் முதல் மூன்று மாதம் முக்கியம். அதற்குள் அசையாத விரலை அப்புறம் அசைப்பது கஷ்டம்.

ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் பத்துத் தடவையில் தூக்கிப் போட்டுவிடுவார். அதனால் வாலாஜாபாத்தில் என் தங்கை வீட்டில் சும்மா கிடந்த டிவி கேம் பெட்டியைக் கொண்டுவந்தேன். பட்டனை அழுத்தினால் விரல் வேலை செய்யும், விளையாட்டு இருந்தால் சலிக்காது என்பது என் கணக்கு. கேசட்தான் இல்லை.

வேதகிரி வீட்டுக்கு எதிர்ப்பக்கம் மார்த்தாள் கடை இருந்தது. சினிமா சிடியும் கேம் கேசட்டும் வாடகைக்குக் கொடுப்பாள். அவள் கடையில் நோட்டும் கிடையாது, ரசீதும் கிடையாது. கேசட்டை எடுப்பவர் இடது கால் செருப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். திருப்பிக் கொடுத்தால் செருப்பு திரும்பும். சனிக்கிழமைகளில் பஜார் தெருவில் பாதிப் பேர் ஒற்றைச் செருப்போடு நடப்பார்கள். ஒரு கேசட்டுகூடத் தொலைந்ததில்லை.

வேதகிரியின் செருப்பைக் கொடுத்து ஒரு கேசட் வாங்கிவந்தேன். செருப்பு வரிசையில் ஒன்று குறைவதைப் பார்த்துவிட்டார்.

"என் செருப்பு எங்க கீது?"

"மார்த்தாள் கடையில."

"தபால் இலாகாவுல இருந்தவன் செருப்ப அடமானம் வெச்சிக்கினு வந்து கீறீங்களா? கையெழுத்து வாங்காம குடுக்கிற பொருள் திருட்டுப் பொருளும்மா. திருப்பிக் குடுங்க."

கொடுத்தேன். மார்த்தாள் செருப்பைத் தட்டி நீட்டினாள். "நைனாவுக்கு வாய் நல்லாத்தான் வேல செய்யுது."

சென்னையில் ஒரு கம்பெனி தபாலில் கேசட் வாடகைக்கு அனுப்புவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. வேதகிரி சொல்லச் சொல்ல அவர் மனைவி ஜெகதாம்பாள் கடிதம் எழுதினாள். எட்டாம் நாள் ரிஜிஸ்தர் பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் போஸ்ட்மேன் வீராசாமி. வேதகிரியிடம் தொழில் கற்றவர்.

"சார், கையெழுத்து."

வேதகிரி வலது கையைப் பார்த்தார். வீராசாமி தயங்கித் தயங்கி மை டப்பாவை எடுத்தார்.

"ரேகை வெக்கிறீங்களா சார்?"

"எழுதத் தெரியாதவன் வெக்கறதுடா அது. தெரிஞ்சவன் வெச்சா பொய் சொன்ன மாதிரி."

"இடது கையால போடுங்க," என்றேன்.

"அது என் கையெழுத்து இல்ல."

"அப்போ நான் வாங்கிக்கிறேன்."

"அதுக்கு நான் அதிகாரக் கடிதம் தரணும். அதுலயும் கையெழுத்துப் போடணும்."

"யோவ், கை வர்றதுக்குத்தான இந்த பார்சலு," என்றாள் ஜெகதாம்பாள். "கை வந்தாத்தான் பார்சலு வரும்னா இன்னா அர்த்தம்?"

"விதி அப்படி," என்றார்கள் இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில்.

பார்சல் ஏழு நாள் தபால் ஆபீசில் காத்திருந்துவிட்டுச் சென்னைக்குப் போனது. வேதகிரி மறுபடி கடிதம் எழுதச் சொன்னார். மறுபடி வந்தது, மறுபடி போனது. மாசி முடிந்துவிட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கட்டுத்துணியைக் கிழித்து ஒரு பேனாவை அவர் விரல்களோடு சேர்த்துக் கட்டினேன். "கேசட் வேணாம், கையெழுத்தே போடுங்க," என்றேன். காலையில் நாற்பது, மாலையில் நாற்பது. பந்தைப் பத்துத் தடவைக்கு மேல் அமுக்காதவர், மூக்கில் வேர்வை வடிய நாற்பதையும் போட்டார். முதல் வாரம் கோழி கிளறிய மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் கட்டை அவிழ்த்தேன், பேனா விழவில்லை. தினமும் மத்தியானம் வீராசாமி வந்து, வேதகிரி பழைய நாளில் போட்ட ஒரு கையெழுத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"கடைசிக் கோடு மேல ஏறல சார்."

"நாளைக்கு ஏறும், போ."

பங்குனி இருபதாம் தேதி, அவர் எழுதச் சொன்ன மூன்றாவது கடிதத்துக்குப் பார்சல் வந்தது. வேதகிரி சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையெழுத்துப் போட நாலு நிமிஷம் ஆனது. வீராசாமி இரண்டு கையெழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பார்சலைக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வேதகிரி முடிச்சைத் தன் விரலாலேயே அவிழ்த்தார். கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். கூடவே இருந்த சீட்டைப் படித்தார்.

"ஒரு வாரத்துல திருப்பி அனுப்பணுமாம். அனுப்பின தேதியிலேர்ந்து கணக்கு. இன்னியோட ஆறு நாள் ஆயிட்ச்சி. நூலு கொண்டா."

"ஒரு தபா போட்டுத்தான் பாரேன்யா," என்றாள் ஜெகதாம்பாள்.

"தவணை தாண்டிடும்."

அன்றைக்கே பார்சலைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்து, விலாசத்தைத் தன் கையால் எழுதி அனுப்பிவிட்டார். டிவி கேம் பெட்டியை ஒரு தடவைகூட மின்சாரத்தில் செருகவில்லை. அதைத் திருப்பித் தர வாலாஜாபாத் பஸ்ஸுக்குப் போகும்போது மார்த்தாள் மறித்தாள்.

"நர்சம்மா, இன்னா கேம்ல நைனாவுக்கு கை வந்திச்சி? பேரு சொல்லு."

"எந்த கேமும் இல்ல. பெட்டியத் தொறக்கவே இல்ல."

"எங்கிட்டயே மறைக்கிறியே!"

அவள் ஜெகதாம்பாளிடம் பேரை விசாரித்து, அதே கேசட் ஒன்றை வாங்கி முன்வரிசையில் வைத்துவிட்டாள். 'கை வரும் கேசட்' என்று செய்தி பரவியது. இரண்டே வாரத்தில் திருப்புட்குழியிலிருந்துகூட ஆள் வந்தது. ஒரு நாள் பக்கவாதக்காரர் ஒருவர், பையன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறுவதைப் பார்த்தேன். நேரே கடைக்குப் போனேன். கேசட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடு, நடை தடுமாறுகிறவர்களிடம் மட்டும் செருப்பு வாங்காதே, குடையை வாங்கி வை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை மட்டும் கேட்டுக்கொண்டாள்.