காய்ந்த கண்ணில் வந்த தண்ணீர்

என் மனைவி ஆண்டிபட்டியில் விசைத்தறி ஓட்டுகிறாள். நூலையே உற்றுப் பார்த்துப் பார்த்து அவள் கண் உலர்ந்துபோனது. தேனி டாக்டரம்மா சொட்டு மருந்து கொடுத்து, தினமும் வேகமாக நடந்தால் கண்ணில் ஈரம் ஊறும் என்றும் சொன்னார்.

"கண்ணு வலிக்கு எதுக்குடி காலு?" என்று நக்கலடித்தேன். அவள் கண்டுகொள்ளாமல் நடந்தாள்.

ஆடிக்காற்று தொடங்கியது. ஒரு காலையில் டீக்கடை அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏப்பா, ஒம் பொண்டாட்டி ரோட்டுல அழுதுக்கிட்டே போறாளாம். பாத்தவுக எல்லாம் சொல்றாக. அடிச்சியா?"

நான் அடிக்கவே இல்லை. வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "எம் மானத்த வாங்கவாடி நடக்குற? இனி வாசலத் தாண்டாத!"

"அழுகலங்க. எதிர்க்காத்துல தண்ணியா வடியுது."

காய்ந்த கண்ணில் ஏது தண்ணீர் என்று நான் நம்பவில்லை. அவள் நடையை நிறுத்தினாள்.

இரண்டு மாதத்தில் எரிச்சல் கூடி, தறியில் அறுந்த இழை தெரியாமல் தடவினாள். மறுபடி தேனிக்குப் போனோம்.

"நடக்குறீங்களாம்மா?"

"முழங்கால் வலி டாக்டர், விட்டுட்டேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"காத்துல தண்ணி வடியுதா? காஞ்ச கண்ணுதான் அப்படி வடிக்கும்."

எனக்குத் தலை நிமிரவில்லை.

டீக்கடையில் நானே போய்ச் சொன்னேன். "அது அழுக இல்லண்ணே, கண்ணுல நோவு." அவர் "சரிப்பா" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

நான் அடிக்காத அடியைத் தெருவே ஏன் உடனே நம்பியது? என் வீட்டிலிருந்து அவர்கள் தினமும் கேட்ட சத்தம் அப்படி.