திரைக்கு வந்த ஆட்டோ வாசலுக்கு வரவில்லை

பாளையங்கோட்டையில் நானும் கணவரும் மட்டும்தான். எங்கள் ஒரே செல்போன் பழுதானதால், மதுரையிலிருந்து வந்த மகன் தன் பழைய கம்ப்யூட்டரில் போன் செயலிகளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பதறிப்போய்க் கம்ப்யூட்டரிலேயே ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஆட்டோ வந்துவிட்டதாகக் காட்டியது திரை. வாசலில் யாருமில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நானோ திரையையே வெறித்தேன். பத்து நிமிடம் கழித்து ஓட்டுநரின் செய்தி வந்தது: "மாட்டுத்தாவணில நிக்கிறேன்மா, எங்க இருக்கீங்க?"

ஏறுமிடமாக மகனின் மதுரை முகவரியே இருந்திருக்கிறது. நான் பார்க்கவேயில்லை!

தெருவில் ஓடிக் கதறினேன். தெருமுனை ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்கார அண்ணாச்சி ஓடிவந்தார். "இங்கனதானம்மா நிக்கேன், ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?" என்றபடியே வீட்டுக்குள் வந்து கணவரைத் தூக்கினார்.

கணவர் பிழைத்துவிட்டார். இப்போதெல்லாம் அவர் லேசாக இருமினாலே நான் வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.