மெம்பர் பந்து

என் தம்பி ஸ்டான்லி கடைசியாகக் கோபப்பட்டது பத்தாம் வகுப்புப் படிக்கும்போது. இப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. இடையில் ஒரு தடவைகூட அவன் குரலை உயர்த்தி, அக்காவான நான் கேட்டதில்லை. ஊரில் எல்லோரும் அவனைத் தங்கமான பையன் என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அப்பா ஞானதாஸ் திண்டுக்கல்லில் ஒரு கிளப்பில் டென்னிஸ் மார்க்கராக இருந்தார். விடியுமுன்னே போய்ச் செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். பிறகு ஜோடி கிடைக்காத மெம்பர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடிக்கொடுக்க வேண்டும். அந்த ஆடிக்கொடுப்பதில்தான் இருக்கிறது சங்கதி. மெம்பர் ஜெயிக்கவும் வேண்டும், மார்க்கர் விட்டுக்கொடுத்தது தெரியவும் கூடாது.

இதற்கென்று அப்பாவிடம் ஒரு பந்து இருந்தது. இடுப்பு உயரத்தில், மெம்பரின் வலது கைப் பக்கமாக, வேகமும் இல்லாமல் மந்தமும் இல்லாமல் போய் நிற்கும். எந்தத் தொப்பைக்கார டாக்டர் வீசினாலும் ராக்கெட்டின் நடுவில் பட்டு, டப்பென்று மூலையில் போய் விழும். அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசு குளிர்ந்திருக்கும், அவரிடம் வருகிற நோயாளிகளுக்கும் கொஞ்சம் நல்லது. எங்கள் வீட்டில் அதற்கு மெம்பர் பந்து என்று பெயர். அம்மா உயிரோடு இருந்தபோது, அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு எத்தனை மெம்பர் பந்து போட்டீக?" என்று கேட்டுத்தான் சோற்றைப் போடுவாள்.

ஸ்டான்லிக்கு அந்தப் பந்து பிடிக்காது. மெம்பர்கள் வராத மத்தியான வெயிலில், யாரோ கழித்துப்போட்ட ராக்கெட்டை வைத்துக்கொண்டு அப்பாவோடு ஆடுவான். ஆள் எங்கே இல்லையோ அங்கே அடிப்பான். அப்பா வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம், இடப்பக்கம் ஓடினால் நெட்டை ஒட்டி. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏலே, ஆளைப் பாத்து அடிடா" என்பார். "ஆளைப் பாத்துதானப்பா அந்தப் பக்கம் அடிச்சேன்" என்பான். எனக்குச் சிரிப்பு தாங்காது.

பத்தாவது படிக்கும்போது திருச்சியில் ஒரு மாநில அளவிலான போட்டி. ஒரு டாக்டர் மெம்பர் தன்னுடைய ராக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார். பாதி மேட்சில், கோட்டுக்குள் விழுந்த பந்தை வெளியே என்று சொல்லிவிட்டார் நடுவர். ஸ்டான்லி நேராகப் போய் நெட் கம்பத்தில் ராக்கெட்டை ஓங்கி அடித்தான். சட்டம் இரண்டாக மடிந்தது. பிறகு வேறு ஒரு பையனிடம் ராக்கெட் கேட்டு வாங்கி, அந்த மேட்சை ஜெயித்தான். ஜெயித்ததைப் பற்றி அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவே இல்லை.

அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு டாக்டருடைய கிளினிக்குக்குப் போனார். நானும் போனேன். டோக்கன் வாங்கி, சளிக்காரர்களுக்கும் சுகர்காரர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் நல்ல மனுஷன். "விடுங்க ஞானதாஸ், சின்னப் பையன்தானே" என்று சிரித்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பில் மனுஷன் பாதியாகிவிட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "கோவமெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாது அப்பு" என்று மட்டும் சொன்னார். ஸ்டான்லி தலையாட்டினான். அன்றைக்கு எதை விழுங்கினானோ, அது இன்றுவரை வெளியே வரவில்லை.

அடுத்த இரண்டாவது வருஷம் பழனிக்குமார் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், நூல் மில் வைத்திருக்கிறார், கிளப்பில் பெரிய மெம்பர். அவர் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பயணச் செலவு, ராக்கெட், அதற்கு நரம்பு, ஷூ, வெளியூரில் ரூம் என்று பத்து வருஷத்துக்கு மேல் தாங்கினார். தன் மகனுக்குச் செய்வதுபோலத்தான் செய்தார். ஆனால் முதல் நாளே வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று சொன்னார்.

"ஏனுங்க ஞானதாசு, நல்லா ஆடுற பசங்க ஊருக்குப் பத்துப் பேர் இருக்கானுங்க. நான் காசு குடுக்கிறது ஆட்டத்துக்கு இல்லீங்க, கொணத்துக்கு."

அப்பா நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போதே டென்னிஸ் ஆடுகிறவனுக்குக் குணம் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் ராக்கெட் யார் வாங்கித் தருவார்கள்?

ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டான்லி பழனிக்குமாரோடு ஆட வேண்டும். யாரும் அப்படி நிபந்தனை போடவில்லை, அதுவாக அமைந்துவிட்டது. அவருக்கு இடது தோளில் வலி, வலப்பக்கம் வந்தால்தான் அடிப்பார். ஆகவே வலப்பக்கம் போட்டான். இடுப்பு உயரத்தில் போட்டான். வேகமும் இல்லாமல், மந்தமும் இல்லாமல். அவர் அடித்து முடித்து, "இன்னைக்கு உன்னைய ஓட விட்டுட்டேனாக்கும்" என்பார். "ஆமாங்க சார், சமாளிக்கவே முடியல" என்பான் ஸ்டான்லி. ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று இதைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன்.

மற்ற நாளெல்லாம் அவன் வெளியூரில். டென்னிஸ் என்றால் டிவியில் வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவன் ஆடுவது அடிமட்டப் போட்டிகளில். பார்க்க வருகிறவர்களைவிட மரத்தடி நாய்கள் அதிகமாக இருக்கும். நாக்பூரோ இந்தூரோ, ரயிலில் ரிசர்வேஷன் கிடைக்காமல் கதவோரம் உட்கார்ந்து போவான். ரூமில் மூன்று பேர் பங்கு. கெட்டிலில் சோறு வடிப்பான், வெஞ்சனத்துக்கு நான் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி. முதல் சுற்றுக்குள் நுழைவதற்கே ஒரு தகுதிச் சுற்று உண்டு. பெரும்பாலும் அதிலேயே தோற்று, அன்று சாயங்காலமே அடுத்த ஊருக்கு டிக்கெட் தேடுவான். போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது, வாபஸ் வாங்குவது எல்லாம் நான்தான். நாகல் நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, இவனுடைய டென்னிஸ் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான்.

போன வருஷம் பழனிக்குமார் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார். மில் ஓட்டம் சரியில்லை, மகன் கணக்குக் கேட்கிறான். "உலகத் தரவரிசையில ஒரே ஒரு பாயிண்டு வரட்டுங்க. பட்டியல்ல பேர் வந்துட்டா எம்பையன்கிட்ட நான் பேசிக்கிறேன். வரலீன்னா இந்த வருசத்தோட நிறுத்திக்குவோம்" என்றார். அந்த ஒரு பாயிண்ட்டுக்கு, தகுதிச் சுற்றைத் தாண்டி முதல் சுற்றில் ஒரு மேட்ச் ஜெயித்தால் போதும். அவ்வளவு வருஷ ஆட்டத்தில் அந்த ஒரு மேட்ச் அவனுக்கு அமையவே இல்லை.

நவம்பர் மாதம் வடக்கே ஒரு போட்டி. தகுதிச் சுற்றைத் தாண்டிவிட்டான். முதல் சுற்று மேட்ச் மத்தியானம். இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டினார்கள், ஒரே ஒரு கேமரா, பேச்சு கிடையாது. நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அக்காவை, கரண்ட் இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், படியிறங்கிப் போனார்.

எதிராளி ஐரோப்பாவிலிருந்து வந்த பையன். பெயர் வாயில் நுழையவில்லை, மஞ்சள் தொப்பி போட்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய கோச் உட்கார்ந்திருந்தார், பையில் ராக்கெட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. ஸ்டான்லி முதல் செட்டை எடுத்தான். இரண்டாவது செட்டிலும் முன்னால் போனான். மஞ்சள் தொப்பிக்கு வெறி வந்துவிட்டது. கத்தினான், ராக்கெட்டைத் தரையில் அடித்து நொறுக்கினான். ஒரு துண்டு பறந்து ஸ்டான்லி பக்கம் விழுந்தது. நடுவர் எச்சரித்தார். அவன் பைக்குள் கைவிட்டுப் புதுசு ஒன்றை எடுத்துக்கொண்டான்.

ஸ்டான்லி என்ன செய்தான் தெரியுமா? குனிந்து அந்த உடைந்த துண்டை எடுத்து, நெட்டுக்கு மேலே அவனிடம் நீட்டினான். என் தம்பி. மஞ்சள் தொப்பி ஒரு கணம் முழித்துவிட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் பையன் பாரம் இறங்கினவன்போல ஆடினான், இரண்டாவது செட்டை எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது செட் இழுத்தது. ஆனாலும் ஸ்டான்லி விடவில்லை. ஐந்துக்கு நான்கு, அவனுடைய சர்வ். இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் மேட்ச் முடிந்தது. பட்டியலில் பெயர் வந்துவிடும். அப்பாவின் கை என் கையைப் பிடித்திருந்தது.

சர்வ் நன்றாக விழுந்தது. மஞ்சள் தொப்பி வலது ஓரத்தில் கோர்ட்டுக்கு வெளியே இழுபட்டுப் போய், எப்படியோ தட்டிவிட்டான். பந்து சோம்பலாக எழும்பி ஸ்டான்லிக்கு முன்னால் வந்தது. எதிர்ப்பக்கத்தில் இடப்பக்கம் முழுக்கக் காலி, ஒரு ஷேர் ஆட்டோவையே திருப்பலாம். அங்கே தட்டினால் போதும். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பான்.

அவன் அங்கே அடிக்கவில்லை. மஞ்சள் தொப்பி நின்ற பக்கமே போட்டான். இடுப்பு உயரத்தில், வலது கைக்கு, வேகமும் இல்லாமல் மந்தமும் இல்லாமல். மஞ்சள் தொப்பி ஓங்கி ஒரு வீசு வீசினான். பந்து ஸ்டான்லியைத் தாண்டிப் போய் மூலையில் விழுந்தது.

அப்பா என் கையை விட்டுவிட்டார்.

"மெம்பர் பந்து" என்றார் மெதுவாக. பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கைம்மா அது."

அதன்பிறகு நடந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஐந்துக்கு ஏழு. கடைசிப் புள்ளி போனதும் ஸ்டான்லி ஓடிப்போய்ப் பையனுக்குக் கை கொடுத்தான், நடுவருக்கு நன்றி சொன்னான், சிரித்த முகம் மாறவில்லை. அவனுக்கு வர வேண்டிய கோபமெல்லாம் எனக்கு வந்தது. ராக்கெட்டைப் போட்டு உடையேன்டா என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன். அப்பா எழுந்து, ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் பழனிக்குமார் போன் செய்தார். அவரும் பார்த்திருக்கிறார்.

"அந்தத் துண்டை எடுத்துக் குடுத்தான் பாருங்க அம்மிணி, எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இதுக்குத்தானுங்க நான் இத்தனை வருசம் செஞ்சேன்."

பணம் இனி முடியாது என்பதையும் அதே அன்போடு சொன்னார். அப்பாவுக்கும் வயசாகிவிட்டது, கிளப்பில் அவர் இடத்துக்கு ஸ்டான்லியைப் போடச் சொல்லிக் கமிட்டியில் பேசிவிட்டாராம். மாதச் சம்பளம். "கொணமான பையன்னு எல்லா மெம்பரும் ஒத்துக்கிட்டாங்க" என்றார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

ஸ்டான்லி வந்து சேர்ந்த அன்று ராத்திரி அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "தோத்தப்பகூட உனக்கு ஒண்ணை உடைக்கணும்னு தோணலையாடா?"

"எல்லாம் சார் வாங்கிக் குடுத்ததுக்கா" என்றான். "நம்முது எது, ஒடைக்க?"

அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். கிளப்பிலிருந்து நின்ற பிறகு அவர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஸ்டான்லி இப்போது விடியுமுன்னே போகிறான். தண்ணீர் தெளிக்கிறான், உருளை இழுக்கிறான். அவன் பந்து அப்பாவுடையதைவிட நன்றாக இருக்கிறதென்று மெம்பர்கள் சொல்கிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. போன மாதம் என் கடைக் காசில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் புது ராக்கெட் ஒன்று வாங்கினேன். விலை உயர்ந்ததில்லை, சுமாரானதுதான். மெம்பர்கள் போனபிறகு கோர்ட்டுக்குள் போய் அவனிடம் நீட்டினேன்.

"இது நான் வாங்குனது. யாருக்கும் பதில் சொல்ல வேணாம். இந்தா, அந்தக் கம்பத்துல அடிச்சு ஒடை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் ஒரு தடவை ஓங்கி அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பிப் போயிருந்தேன். அவன் ராக்கெட்டை வாங்கினான். கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கை ஒருமுறை இறுகியது, நான் பார்த்தேன்.

பிறகு பிடியைத் தளர்த்தி எடையைப் பார்த்தான். உள்ளங்கையால் நரம்பை அழுத்திப் பார்த்தான்.

"நல்லாருக்குக்கா" என்றான். "புதுசா வர்ற மெம்பர் யாருக்காவது ஆகும்."

ஷெட்டுக்குள் கொண்டுபோய், மற்ற ராக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் வெளியே வந்து தண்ணீர்க் குழாயை எடுத்து, சாயங்கால ஆட்டத்துக்குத் தரையை நனைக்க ஆரம்பித்தான்.